வீங்காத தொண்டையும் முட்டும் மூச்சும்

குழந்தை நலம்: வாசகர் கேள்விகளுக்கு மார்த்தாண்டத்தில் 31 வருடம் குழந்தைகளைப் பார்த்து ஓய்வு பெற்ற மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. இரண்டு வருடத்துக்கு முன் இறால் சாப்பிட்டு, கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, கண்ணும் உதடும் வீங்கிவிட்டன. ஊசி போட்டுக் காப்பாற்றினோம். அன்றிலிருந்து இறால், நண்டு, சிங்கி இறால் எதுவும் எங்கள் அடுப்பில் ஏறியதில்லை. இந்த ஜனவரியில் ஒரு நாள், "அம்மா, தொண்டைக்குள்ள வீங்குது, மூச்சு வரல்ல" என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். மூச்சை இழுக்கும்போது கீ என்று ஒரு சத்தம். உதடும் தடிக்கிறது என்கிறாள், பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஆட்டோ பிடித்து ஓடி ஊசி போட்டால் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். இதுவரை ஒன்பது தடவை. ஜூன், ஜூலையில் வரவில்லை, விட்டுவிட்டது என்று மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினேன். ஆகஸ்டில் மறுபடி. ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் நார்மல். கடைசியாகப் பார்த்த டாக்டர், "மனசு சம்பந்தப்பட்டது, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பார்க்கிறாள்" என்று சொல்லிவிட்டார். மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறார். அவள் அப்பா ஆழ்கடல் போட்டில் போகிறவர், போனால் திரும்ப முப்பது நாற்பது நாள் ஆகும். 2017 ஒக்கி புயலில் என் தம்பியும் போய்விட்டான், அப்போது இவளுக்கு நாலு வயது, ஒன்றும் தெரியாது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் எழுதுகிறேன். என் மகள் நடிக்கிறாளா?
– ஒரு தாய், குளச்சல் அருகே

பதில்: இல்லை, நடிக்கவில்லை. மற்றதெல்லாம் அப்புறம்.

பிள்ளையைப் பார்க்காமல் கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் வைப்பது சரியல்ல. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் பாதி விடை இருக்கிறது, அதனால் துணிந்து சொல்கிறேன். முதல் தடவை, அதாவது இறால் சாப்பிட்ட அன்று வந்தது அசல் ஒவ்வாமை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாப்பிட்ட சிறிது நேரத்தில் வந்திருக்கிறது, தோல் தடித்திருக்கிறது, உதடு வீங்கியதை நீங்களே கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். இந்த வருடம் வந்த ஒன்பதும் வேறு ஜாதி. தடிப்பு இல்லை, வீக்கம் இல்லை, வாந்தி இருந்ததாக எழுதவில்லை, எதையாவது சாப்பிட்ட பிறகு வந்ததாகவும் எழுதவில்லை. சத்தம் மூச்சை இழுக்கும்போது வருகிறது, விடும்போது அல்ல. அவள் கை போவது கழுத்துக்கு, நெஞ்சுக்கு அல்ல. திடீரென்று வந்து, வந்த மாதிரியே போகிறது. இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது குரல் நாண் கோளாறு.

தொண்டைக்குள் குரல் நாண்கள் இரட்டைக் கதவு மாதிரி நிற்கின்றன. மூச்சை இழுக்கும்போது அகலத் திறக்கும், பேசும்போது நெருங்கி வரும். நீங்கள் கடற்கரையில் இருப்பதால் உங்களுக்குச் சொல்வது சுலபம். கடலில் முங்கும்போது ஒரு துளி உப்புத் தண்ணீர் தப்பி உள்ளே போனால் தொண்டை கப்பென்று பூட்டிக்கொள்ளும் அல்லவா? நாம் நினைத்துப் பூட்டுவதில்லை, நுரையீரலைக் காப்பாற்ற அது தானாகப் பூட்டுகிறது. அந்தப் பூட்டு, தண்ணீரே இல்லாத நேரத்தில், திறக்க வேண்டிய சமயம் பார்த்து விழுந்துவிடுவதுதான் இந்தக் கோளாறு. மூச்சை இழுக்கும்போது கதவு மூடுகிறது, பின்பக்கம் ஒரு சிறு இடுக்கு மட்டும் மிச்சம் இருக்கிறது. காற்று அதன் வழியாகப் போகும் சத்தம்தான் நீங்கள் கேட்ட அந்தக் கீ. உயிர் போகிற மாதிரி இருக்கும். ஆனால் விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிஜன் கருவி பெரும்பாலும் 97, 98 என்றுதான் காட்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் சில மருத்துவர்களுக்கு "நடிப்பு" என்ற எண்ணம் வருகிறது.

எனக்கும் வந்திருக்கிறது. 1994-இல் ஒரு மருத்துவமனையில் இரவுப் பணி. ரப்பர் தோட்டப் பக்கம் இருந்து 14 வயதுப் பெண்ணை ஜீப்பில் கொண்டுவந்தார்கள், இதே சத்தம், இதே மாதிரி கழுத்தில் கை. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் நுரையீரல் சுத்தம். நான் அவள் காதருகே குனிந்து, "நடிக்காதே, உங்க அம்மை அழுகிறாள் பார்" என்றேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. நான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன். அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு அர்த்தம் புரிய எனக்கு ஏழெட்டு வருடம் ஆனது. 1983-லேயே அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள், ஆஸ்துமா என்று மருந்து சாப்பிட்டும் அடங்காத ஐந்து பேரைச் சத்தம் வரும் நேரத்தில் குழாய் விட்டுப் பார்த்து, மூடியிருந்தது குரல் நாண் என்று எழுதிவிட்டார்கள். அந்த ஐந்து பேருக்கும் தங்கள் தொண்டை இப்படிச் செய்கிறது என்பதே தெரியாது. பேச்சுப் பயிற்சியிலும் மனநல ஆலோசனையிலும் எல்லாரும் தேறினார்கள். நான் அதைப் படித்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, உதடு தடிக்கிறது என்கிறாளே, அது? பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும். அதன் பின்னாலேயே ரத்தத்தில் நரம்புகளுக்குப் பயன்படும் நிலையில் இருக்கும் கால்சியமும் குறையும். உடனே வாயைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் குறுகுறுப்பு, மரப்பு. பல் டாக்டர் மரப்பு ஊசி போட்ட பிறகு உதடு பணியாரம் மாதிரி வீங்கியதாகத் தோன்றும், கண்ணாடியில் பார்த்தால் சாதாரணமாக இருக்கும். அதே கதைதான். ஒரு தடவை உண்மையாகவே உதடு வீங்கிய பிள்ளைக்கு அந்தக் குறுகுறுப்பு வந்தால் வேறு என்ன நினைக்கத் தோன்றும்? "மறுபடி வருகிறது" என்று பயப்படுவாள். பயந்தால் மூச்சு இன்னும் வேகமாகும், தொண்டை இன்னும் இறுகும். ஒன்று மற்றதை ஏற்றிவிடும்.

ஊசி போட்டதும் சரியாகிறதே என்று கேட்பீர்கள். இந்தப் பூட்டு பெரும்பாலும் தானாகவே திறந்துகொள்ளும். நீங்கள் ஆட்டோ பிடித்து, சீட்டு எழுதி, ஊசி போட்டு முடிக்கும்போது அதன் நேரமும் முடிந்திருக்கும். ஒவ்வாமைக்குப் போடும் அவில் ஊசிக்குத் தூக்கம் வரவைக்கும் குணமும் உண்டு. தூங்கிவழியும் பிள்ளைக்கு எதைக் கண்டு பயம் வரும்? "ஆஸ்பத்திரிக்கு வந்தாச்சு" என்ற நிம்மதியும் ஒரு மருந்துதான். ஆனால் ஒன்பது தடவையும் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அது நல்லதில்லை. சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். டெக்சாமெதசோன், ஹைட்ரோகார்டிசோன் என்று இருந்தால் அதுதான்.

இனி, அந்த "மட்டம்" விஷயம். எனக்கு அது ஒட்டவில்லை. ஜூன், ஜூலையில் வரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு மாதமும் பள்ளிக்கூடம் நடந்ததே! மட்டம் போட நினைக்கிற பிள்ளைக்கு, மழை கொட்டுகிற ஜூன் மாதத்தைவிட வசதியான மாதம் உண்டா? அந்த இரண்டு மாதத்தில் உங்கள் வீட்டில் மாறியது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். நம் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். போட் கரையில் கிடக்கும், அப்பா வீட்டில் இருப்பார். ஆகஸ்டில் அவர் கடலுக்குப் போனார், இவளுக்கு மூச்சு முட்டியது.

இது என் ஊகம்தான், தப்பாகவும் இருக்கலாம். அப்பா எப்போதும் கடலுக்குப் போகிறவர், இது ஏன் இந்த ஜனவரியில் தொடங்க வேண்டும் என்ற கேள்விக்கு உங்கள் கடிதத்தில் விடை இல்லை. ஜனவரியை ஒட்டி ஏதாவது நடந்ததா? போன் வர வேண்டிய நாளில் வராமல் போனதா? யாராவது வீட்டில் பேசியது காதில் விழுந்ததா? நாலு வயதில் ஒன்றும் தெரியாது என்று மாமனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்களில் நம் கடற்கரையில் எந்த வீட்டில் சத்தம் இல்லாமல் இருந்தது? அவளிடமே கேளுங்கள். ஆனால் மூச்சு முட்டும்போது கேட்காதீர்கள். தலை வாரிவிடும்போது, மீன் கழுவும்போது, கண்ணுக்குக் கண் பார்க்காத நேரத்தில் கேளுங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் முகம் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். "அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது" என்று அடித்துச் சொல்லாதீர்கள், அவளுக்கு அது நம்பும்படி இருக்காது. எந்தத் தேதி கிளம்பினார், உத்தேசமாக எப்போது திரும்புவார், போட்டில் என்னென்ன கருவி இருக்கிறது என்று தெரிந்ததைச் சொல்லுங்கள். காலண்டரில் அவளே தேதி அடிக்கட்டும்.

செய்ய வேண்டியதில் முதலாவது, அடுத்த தடவை வரும்போது யாராவது ஒருவர் போனில் வீடியோ எடுங்கள். முகம், கழுத்து, சத்தம் மூன்றும் பதிய வேண்டும், இருபது விநாடி போதும். நீங்கள் அரை மணி நேரம் விவரித்தாலும் மருத்துவருக்குப் புரியாதது அதில் புரிந்துவிடும். பிறகு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். உங்களுக்குப் பக்கம் என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி. மூக்கு வழியாக மெல்லிய வளையும் குழாய் விட்டு நாண்களைப் பார்ப்பார்கள். முட்டல் இல்லாத நேரத்தில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும், அதை வைத்து "ஒன்றும் இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஓடவைத்தோ வேகமாக மூச்சு வாங்கவைத்தோ பார்ப்பதும் உண்டு. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், மூக்கில் இருந்து தொண்டைக்குள் சளி வடிவது இருக்கிறதா என்றும் கேட்பார்கள். இவையும் நாண்களைச் சீண்டிக்கொண்டே இருக்கும். ஆகவே "எல்லாம் மனசு" என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதும் தப்பு. சிலருக்கு ஓட்டப் பந்தயம் மட்டுமே காரணம், சிலருக்கு சென்ட் வாசனை, முந்திரித் தொழிற்சாலைப் புகை.

மூச்சுப் பயிற்சி சுலபம். பேச்சுப் பயிற்சியாளர் சொல்லித்தந்தால் நல்லது, அதுவரை இதைச் செய்யலாம். தோளைத் தொங்கவிட்டு, நாக்கைக் கீழ்ப் பல்லுக்குப் பின்னால் சும்மா கிடக்கவிட்டு, பிச்சிப்பூவை மோந்து பார்ப்பது மாதிரி மூக்கால் சின்னதாக இழுக்க வேண்டும். பிறகு சூடான கட்டன் சாயாவை ஊதுவது மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக, நீளமாக ஊத வேண்டும். மோந்து பார்க்கும்போது நாண்கள் தாமாகத் திறக்கும், அதுதான் இதன் சூட்சுமம். நன்றாக இருக்கும்போதே ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஐந்து ஐந்து நிமிடம் பழக வேண்டும். முட்டல் வந்த பிறகு சொல்லிக்கொடுத்தால் தண்ணீரில் விழுந்தவனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது போலத்தான். அந்த நேரத்தில் நீங்கள் அவள் எதிரில் உட்கார்ந்து அதையே செய்யுங்கள், அவள் உங்களைப் பார்த்துச் செய்வாள். நீங்கள் அலறினால் அதையும் பார்ப்பாள். மாமியார் உப்பு மிளகாய் சுற்றட்டும், அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் மிளகாயை அவள் பக்கத்தில் வைத்து அடுப்பில் போட வேண்டாம். அந்த நெடி இந்தத் தொண்டைக்கு ஆகாது.

மனநல ஆலோசகரிடமும் போங்கள், பைத்தியம் என்பதற்காக அல்ல. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். அவளுக்கு இறால் ஒவ்வாமை உண்மையிலேயே இருக்கிறது. தொண்டைக்குக் காரணம் பயம் என்று தெரிந்ததும், "அப்போ இறாலும் தின்னலாம்" என்று யாராவது ஊட்டிவிடப் போகிறார்கள்!

கேள்வி: நான் நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் ஆசிரியர். தேர்வு நேரத்தில் ஒரு மாணவன் "தொண்டை அடைக்குது சார்" என்று மூச்சு வாங்குகிறான். அவனுக்கு நிலக்கடலை ஒவ்வாமை உண்டு என்று பெற்றோர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எது பயம், எது ஒவ்வாமை என்று வகுப்பறையில் நின்றுகொண்டு நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முழுதாகக் கண்டுபிடிக்க முடியாது, உங்களிடம் அதை எதிர்பார்க்கவும் கூடாது. சந்தேகம் வந்தால் ஒவ்வாமை என்றே வைத்துக்கொண்டு நடங்கள். பயத்தில் மூச்சு முட்டிய பையனுக்கு ஒரு அட்ரினலின் ஊசி போட்டுவிட்டால் அவனுக்குக் கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். ஒவ்வாமையில் சுருளும் பையனுக்கு அது போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இருந்தாலும் பார்க்க வேண்டியவை உண்டு. சட்டையைத் தூக்கி வயிறும் முதுகும் பாருங்கள், தடிப்பு முகத்தைவிட அங்கே முதலில் தெரியலாம். காணாக்கடி போலத் திட்டுத்திட்டாக இருக்கிறதா, உதடு, கண் இமை வீங்கியிருக்கிறதா, குரல் கரகரத்துவிட்டதா, விடாமல் இருமுகிறானா, வாந்தி எடுத்தானா, வயிறு வலிக்கிறது என்கிறானா, கண் சொருகுகிறதா. கடைசி இரண்டு மணி நேரத்தில் என்ன சாப்பிட்டான்? பக்கத்துப் பையனின் கடலை மிட்டாய் எல்லாம் கணக்கில் வரும். இவற்றில் ஏதாவது இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள், படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் உட்காரவைக்கலாம், ஆனால் எழுந்து நடக்க விடாதீர்கள். ஊசி போடத் தெரிந்தவர் அட்ரினலினைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். அளவு எடைக்கு ஏற்ப கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், குழந்தைகளுக்கு அதிகபட்சம் 0.3 மில்லிகிராம். அவில் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அது அரிப்பைக் குறைக்கும், மூச்சைத் திறக்காது.

இவை ஒன்றும் இல்லை, தோல் சுத்தம், குரல் தெளிவு, கணக்குத் தாள் கையில் வந்த நேரத்தில் மட்டும் வருகிறது, விரல் மரத்துப்போகிறது என்கிறான் என்றால் பயமாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போதும் தனியாக விட்டுவிடாதீர்கள். சுற்றி நிற்கும் நாற்பது பேரை முதலில் வெளியே அனுப்புங்கள். மேலே உள்ள பதிலில் சொன்ன மோந்து, ஊதும் மூச்சை நீங்கள் சேர்ந்து செய்யுங்கள். காகிதப் பையை முகத்தில் வைத்து மூச்சு விடச் சொல்லும் பழைய வைத்தியம் வேண்டவே வேண்டாம். அசல் ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ இருந்தால் அது ஆபத்து.

பெற்றோரிடம் சொல்லும்போது "உங்க பையன் பரீட்சைக்குப் பயந்து சீன் போடுறான்" என்ற தோரணை வேண்டாம் சார். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது, சொல்லி வைக்கிறேன். எந்த நாள், எத்தனை மணி, அதற்கு முன் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி அவர்களிடம் கொடுங்கள். அந்த நோட்டு ஒரு மருத்துவருக்குப் பத்து ரத்தப் பரிசோதனைக்குச் சமம். ஒவ்வாமையா இல்லையா என்று பின்னால் உறுதி செய்ய மருத்துவமனையில் டிரிப்டேஸ் என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. முட்டல் தொடங்கி ஒன்றிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்தால்தான் அதனால் நல்ல பலன். உணவு ஒவ்வாமையில் சில சமயம் அதுவும் ஏமாற்றும்.

கேள்வி: அக்கா மகனுக்கு 10 வயது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை முகமோ கையோ வீங்குகிறது, இரண்டு மூன்று நாள் இருந்து வடிகிறது. அரிப்பு கிடையாது. சில சமயம் வீக்கம் இல்லாமல் வயிற்றுவலி மட்டும் வந்து சுருண்டு படுப்பான். அவில் கேட்கவில்லை. பரீட்சை சமயத்தில் அதிகம் வருவதால் "டென்ஷன்" என்கிறார்கள். அக்காவின் மாமனாருக்கும் இப்படி முகம் வீங்கும், தொண்டை அடைத்துத்தான் இறந்தார் என்று சொல்வார்கள்.
– தோவாளை வாசகி

பதில்: முதல் கேள்விக்கு நான் சொன்ன எதையும் இந்தப் பையனுக்குப் பொருத்திவிடாதீர்கள். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

அரிப்பில்லாத, தடிப்பில்லாத, நாள் கணக்கில் நிற்கும் வீக்கம், காரணம் தெரியாத வயிற்றுவலி, குடும்பத்தில் ஒருவர் தொண்டை அடைத்து இறந்தது. இவை மூன்றும் ஒரே வீட்டில் இருந்தால் பரம்பரை ரத்தநாள வீக்க நோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அப்பா வழியாகவும் வரும், அம்மா வழியாகவும் வரும். ரத்தத்தில் சி4 என்ற புரதத்தின் அளவை முதலில் பார்ப்பார்கள். குறைந்திருந்தால் சி1 இன்ஹிபிட்டர் என்ற இன்னொரு புரதத்தின் அளவும் அது வேலை செய்யும் திறனும் பார்ப்பார்கள். சிறிய லேபில் செய்ய மாட்டார்கள், எடுத்து வெளியூருக்கு அனுப்புவார்கள். பரவாயில்லை, காத்திருக்கலாம்.

பரீட்சை சமயத்தில் வருகிறது என்பதும் உண்மையாக இருக்கலாம். மன அழுத்தம், பல் பிடுங்குவது, அடிபடுவது எல்லாம் இந்த வீக்கத்தைக் கிளப்பிவிடும். கிளப்பிவிடுகிற தீக்குச்சிதான் அது, வீட்டில் கொட்டிக் கிடக்கிற மண்ணெண்ணெய் அல்ல. இந்த இடத்தில் மருத்துவ உலகமே ஏறத்தாழ எண்பது வருடம் தடுமாறியிருக்கிறது. 1882-இல் ஜெர்மானிய மருத்துவர் குயின்கே இந்த மாதிரி வீக்கங்களை விரிவாக எழுதினார். பிறகு அதற்கு நிலைத்த பெயர் "ஆஞ்சியோ நியூரோட்டிக் எடிமா". நரம்புக் கோளாறால் ரத்தநாளத்தில் வரும் வீக்கம் என்று அர்த்தம். 1888-இல் ஆஸ்லர் என்ற மருத்துவர் ஒரே குடும்பத்தில் ஐந்து தலைமுறையாக இது வருவதைக் காட்டினார். அப்போதும் அந்த "நரம்பு" பெயரில் இருந்து போகவில்லை. குறைவது அந்த சி1 இன்ஹிபிட்டர் புரதம் என்று டொனால்ட்சன், எவன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் கண்டது 1963-இல். அதுவரை எத்தனை பேரிடம் "உனக்கு நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்!

இந்த வீக்கத்துக்கு அவில், ஸ்டீராய்டு, அட்ரினலின் மூன்றுமே சரியாகக் கேட்காது, இதற்குத் தனி மருந்துகள் உண்டு. அவை கைக்கு எட்டாத இடத்தில் பிளாஸ்மா ஏற்றுவதும் உண்டு. அக்கா வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது, குரல் மாறினாலோ எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ அந்த நிமிடமே பெரிய மருத்துவமனை. பல் பிடுங்கும் முன்பும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கூட ஒரு சின்னச் செய்தி, இது பாட்டிமார்களுக்கு. ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அரிப்பில்லாமல் உதடும் நாக்கும் வீங்கலாம். வருடக்கணக்காகச் சாப்பிட்ட பிறகும் வரலாம். வந்தால் மாத்திரைச் சீட்டோடு உடனே ஓட வேண்டும்.

கேள்வி: எங்கள் குழந்தைக்கு ஒன்றரை வயது. கையில் இருப்பதை வாங்கினால் அழுது, அழுகை அப்படியே நின்று, மூச்சு இல்லாமல் நீலமாகி, துவண்டுவிடுகிறாள். ஒரு நிமிடத்துக்குள் சரியாகிறாள். முந்தின நாள் முட்டை கொடுத்தோம், முட்டை அலர்ஜியா? அம்மா "பிள்ளை ஏங்கிப் போச்சு" என்கிறாள்.
– அருமனை வாசகர்

பதில்: இதில் உங்கள் அம்மா சொன்னதுதான் சரி. முந்தின நாள் சாப்பிட்ட முட்டை மறுநாள், அதுவும் பொம்மையைப் பிடுங்கிய நொடியில் வந்து மூச்சை நிறுத்தாது. அழுகையில் மூச்சை வெளியே விட்டபடியே நின்றுபோவதைத்தான் நம் ஊரில் ஏங்குவது என்கிறோம். ஆறு மாதத்தில் இருந்து ஆறு வயது வரை இப்படி வரும், பள்ளிக்கூடம் போகிற வயதில் பெரும்பாலும் விட்டுவிடும். பிடிவாதத்துக்காக அவள் திட்டம் போட்டுச் செய்வது அல்ல, ஒன்றரை வயதில் யாருக்குத் திட்டம் போடத் தெரியும்? ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலை எதிலும் இடிக்காமல் பாருங்கள். வாய்க்குள் விரலோ தண்ணீரோ வேண்டாம், பிடித்து உலுக்கவும் வேண்டாம்.

ரத்தச் சோகை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இரும்புச்சத்து குறைந்த குழந்தைகளுக்கு இது அதிகம் வருகிறது, இரும்பு மருந்து கொடுத்தால் பலருக்குக் குறைந்துவிடுகிறது. நாள் முழுக்கப் பாலைக் குடித்துவிட்டுச் சோறு தின்னாத குழந்தையா அவள் என்று எழுதுங்கள். ஒரு தடவையாவது அழாமலே, அடி படாமலே, தூக்கத்தில் நீலமானால் அது ஏக்கம் அல்ல, உடனே காட்ட வேண்டும். குடும்பத்தில் சின்ன வயதில் திடீர் மரணம் இருந்தால் ஒரு இசிஜியும் எடுத்துவிடுங்கள். விளையாடிக்கொண்டிருந்தவள் திடீரென்று புரையேறி இருமத் தொடங்கினால், அருமனைப் பக்கம் நான் முதலில் கேட்கும் கேள்வி அயினிச்சக்கை (காட்டுப் பலா) கொட்டை எங்கே கிடந்தது என்பதுதான். அந்தக் கொட்டையை மட்டும் இந்தப் பருவத்தில் வறுத்துத் திண்ணையில் பரப்பி வைக்காதீர்கள்.